மாரத்தானுக்கு 3 வாரம்தான் இருக்கா? இனி கூட்டாதீங்க, குறைங்க! – ஷிப்ட் தொழிலாளர்களுக்கான லாங் ரன், டேப்பரிங் விளக்கம்

‘சென்னை ரன்னர்ஸ்’ அமைப்பு நடத்தும் சென்னை மாரத்தான், கடந்த சில ஆண்டுகளாக ஜனவரி முதல் வாரத்தில் நடந்துவருகிறது. அதில் முழு மாரத்தானுக்குப் பேர் கொடுத்தவர்களுக்கு டிசம்பர் நடுவில் ஒரு பயம் வரும். ‘மழையில ரெண்டு வாரம் ஓடவே முடியலையே... இன்னொரு 35 கி.மீ. ஓடிப் பார்த்துட்டா தைரியமா இருக்குமே’ என்று தோன்றும். பலரும் சொதப்புவது இந்த இடத்தில்தான். மாரத்தானுக்கு முந்தைய மூன்று வாரங்களில் தூரத்தைக் கூட்டினால் புதிதாகத் தெம்பு எதுவும் ஏறாது. களைப்பு மட்டும்தான் ஏறும்.

மேசை முன் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களைவிட, ஷிப்ட் தொழிலாளர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்காலையிலோ வார்ப்பு ஆலையிலோ எட்டு மணி நேரம் நின்றபடி வேலை பார்க்கிறீர்கள், வாராவாரம் ஷிப்டும் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டு அட்டவணையை எடுத்து அப்படியே ஓடினால் உடம்பு தாங்காது. நம்ம ஊர் மழை, நம்ம ஷிப்ட், நம்ம சாலை எல்லாவற்றையும் சேர்த்து எப்படித் திட்டமிடலாம்? பார்ப்போம்.

30-வது கிலோமீட்டரில் என்னதான் ஆகிறது?

முழு மாரத்தான் 42.195 கி.மீ. கும்மிடிப்பூண்டியில் புறநகர் ரயில் ஏறி, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் எல்லாம் தாண்டி சென்ட்ரலில் இறங்குகிறோமே, அதைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

ஓடும்போது ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்குத் தோராயமாக 1 கலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ளவருக்கு முழு தூரத்துக்கும் சுமார் 2,500 கலோரி வேண்டும். சாப்பிடும் மாவுச்சத்தை உடம்பு ‘கிளைகோஜன்’ என்ற வடிவில் தசையிலும் கல்லீரலிலும் சேமித்துவைக்கிறது. அந்தச் சேமிப்பு ஏறக்குறைய 2,000 கலோரிதான். மீதிக்குக் கொழுப்பு இருக்கிறது, அது ஒல்லியானவர் உடம்பிலும் தாராளமாகவே இருக்கும். ஆனால் கொழுப்பு மெதுவாகத்தான் எரியும். அதனால் மாவுச்சத்து தீர்ந்ததும் வேகம் சட்டென்று விழுந்துவிடும். கால் கனக்கும், தலை சுற்றும், ‘எதுக்கு இந்த வேலை’ என்று தோன்றும். ஓடுபவர்கள் இதைத்தான் ‘சுவரில் மோதுவது’ என்கிறார்கள். பெரும்பாலும் 30 முதல் 35 கி.மீ.க்குள் இது நடக்கும்.

அந்தச் சுவரைத் தள்ளிவைக்கத்தான் லாங் ரன். வாரத்துக்கு ஒருமுறை, நீண்ட தூரம், மெதுவாக ஓடுவது. இப்படி ஓட ஓடத் தசை அதிக மாவுச்சத்தைச் சேமிக்கப் பழகுகிறது. கொழுப்பையும் கூடுதலாக எரிக்கப் பழகுகிறது. எலும்பும் தசைநாரும் உறுதியாகின்றன.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மூச்சு சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கில் ஆகும். ‘மூச்சு வாங்கலையே, இன்னும் ஓடலாமே’ என்று திடீரென்று தூரத்தைக் கூட்டுபவர்களுக்கு முழங்காலும் குதிகாலும் மக்கர் செய்வது இதனால்தான்.

எவ்வளவு மெதுவாக ஓடணும்?

லாங் ரன்னில் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு வேகம். மாரத்தானில் ஓட நினைக்கும் வேகத்தைவிட ஒரு கிலோமீட்டருக்கு 45 நொடி முதல் ஒன்றரை நிமிடம் வரை மெதுவாக ஓடினால் போதும். நான்கரை மணி நேரத்தில் மாரத்தானை முடிக்க நினைப்பவரின் ரேஸ் வேகம், கிலோமீட்டருக்குச் சுமார் 6 நிமிடம் 24 நொடி. அவர் லாங் ரன்னை 7 நிமிடத்துக்கு மேல்தான் ஓடணும். கடிகாரம் இல்லையென்றாலும் கவலை இல்லை. பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் சரியான வேகம். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

தூரம்? 32 கி.மீ. அல்லது மூன்றரை மணி நேரம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அத்துடன் நிறுத்திவிடலாம். அமெரிக்கப் பயிற்சியாளர் ஹால் ஹிக்டனின் பிரபலமான தொடக்க நிலைத் திட்டத்தில் அதிகபட்ச லாங் ரன் 20 மைல், அதாவது 32 கி.மீ. அதே அமெரிக்காவின் ‘ஹான்சன்ஸ்’ முறையில் 16 மைல்தான், சுமார் 26 கி.மீ. இரண்டு முறையிலும் ஆயிரக்கணக்கானோர் மாரத்தானை முடித்திருக்கிறார்கள். ரேஸுக்கு முன்பே 42 கி.மீ. ஓடிப் பார்த்தாகணும் என்ற அவசியம் யாருக்கும் இல்லை.

நைட் ஷிப்ட் வாரத்தைத் தளர்வு வாரமாக்குங்க

லாங் ரன்னை வாராவாரம் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. இடையிடையே குறைத்து ஓடும் ‘தளர்வு வாரம்’ வேண்டும். பொதுவான அட்டவணைகளில் மூன்று வாரம் கூட்டி, நான்காவது வாரம் குறைப்பார்கள்.

மூன்று ஷிப்ட் சுழற்சியில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை எப்படியும் நைட் ஷிப்ட் வரும். அந்த வாரம் தூக்கம் கெடும், பசி நேரம் மாறும், உடம்பு பாதி வேகத்தில்தான் பழைய நிலைக்குத் திரும்பும். எனவே இரண்டு வாரம் கூட்டி, நைட் ஷிப்ட் வாரத்தில் குறைத்துவிடுங்கள். உடம்புக்குத் தேவையான ஓய்வும் ஷிப்ட் கணக்கும் ஒன்றாகிவிடும்.

ஏற்கெனவே 10 கி.மீ. சிரமமில்லாமல் ஓடுபவருக்கான 16 வார லாங் ரன் கணக்கு இது. செப்டம்பர் நடுவில் தொடங்கினால் ஜனவரி முதல் வாரத்துக்குச் சரியாக வரும்.

வாரம் 1, 2: 12, 14 கி.மீ.
வாரம் 3 (நைட் ஷிப்ட்): 10 கி.மீ.
வாரம் 4, 5: 16, 18 கி.மீ.
வாரம் 6 (நைட் ஷிப்ட்): 12 கி.மீ.
வாரம் 7, 8: 20, 22 கி.மீ.
வாரம் 9 (நைட் ஷிப்ட்): 15 கி.மீ.
வாரம் 10, 11: 25, 28 கி.மீ.
வாரம் 12 (நைட் ஷிப்ட்): 18 கி.மீ.
வாரம் 13: 32 கி.மீ. – இதுதான் உச்சம்
வாரம் 14: 20 கி.மீ.
வாரம் 15 (நைட் ஷிப்ட்): 12 கி.மீ.
வாரம் 16: மாரத்தான்

இதோடு வார நாள்களில் இரண்டு அல்லது மூன்று முறை, 6 முதல் 8 கி.மீ. மெதுவான ஓட்டம் இருந்தால் போதும். உங்கள் சுழற்சி வேறு மாதிரி இருந்தால், நைட் ஷிப்ட் வாரம் எதுவென்று காலண்டரில் முதலில் குறித்துக்கொண்டு தூரத்தை அதற்கேற்ப நகர்த்துங்கள். உச்ச ஓட்டம் மட்டும் ரேஸுக்கு மூன்று வாரம் முன்பு வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்கணும். விடிகாலையில் நைட் ஷிப்ட் முடித்து வெளியே வந்த கையோடு லாங் ரன் போகவே கூடாது. தூக்கக் கலக்கத்தில் சாலையில் ஓடுவது ஆபத்து. வீட்டுக்குப் போய், சாப்பிட்டுத் தூங்கி எழுந்து மாலையில் ஓடுங்கள். இல்லையென்றால் ஒரு இரவு முழுசாகத் தூங்கிவிட்டு மறுநாள் ஓடுங்கள்.

எங்கே ஓடுவது?

கும்மிடிப்பூண்டியில் நீளமான, நேரான சாலை என்றால் சென்னை – கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை. லாங் ரன்னுக்கு அதை மறந்துவிடுங்கள். கன்டெய்னர் லாரியும் டிரெய்லரும் இரவு பகலாக ஓடும் சாலை அது. அதிகாலை இருட்டில் ஓரமாக ஓடுபவரை டிரைவர் கவனிக்க வாய்ப்பு குறைவு.

தெரு விளக்கு உள்ள, லாரி நடமாட்டம் குறைவான உள்சாலையில் 4 அல்லது 5 கி.மீ. சுற்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். லாரி குறையும் விடுமுறை நாள் காலை என்றால் சிப்காட் உள்சாலைகளையும் பார்க்கலாம். சுற்றாக ஓடினால் பைக்கை ஒரே இடத்தில் நிறுத்தி, அதில் தண்ணீர், வாழைப்பழம், உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸ் எல்லாம் வைத்துக்கொள்ளலாம். முடியாவிட்டால் பாதியில் நிறுத்திவிட்டு வீட்டுக்கும் வரலாம். ஒளி பிரதிபலிக்கும் பட்டை வைத்த ஜாக்கெட்டைத் தொழிற்சாலையில் தினமும் பார்க்கிறோம். ஓடும்போதும் அப்படி ஒன்று வேண்டும். தெருநாய்த் தொல்லை இருக்கும் இடத்தில் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஓடுவது நல்லது.

தொழிற்பேட்டை என்பதால் காற்றையும் பார்க்கணும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் காற்றுத் தரக் குறியீடு கிடைக்கும். 100-க்குள் என்றால் தைரியமாக ஓடலாம். 101 முதல் 200 வரை ‘மிதம்’. ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் இதிலேயே யோசிக்கணும். 200-ஐத் தாண்டினால் ‘மோசம்’. அன்றைக்கு லாங் ரன்னைத் தள்ளிப்போடுவதே நல்லது.

புயல் வந்தால் கணக்கு என்னாகும்?

ஜனவரி மாரத்தானுக்குத் தயாராகும் சென்னைக்காரர்களுக்கும் திருவள்ளூர்க்காரர்களுக்கும் இது வருடா வருடம் வரும் தலைவலி. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. லாங் ரன் கூடும் காலமும் அதே மூன்று மாதம்தான். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல், சென்னையையும் திருவள்ளூரையும் வெள்ளக்காடாக்கியது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. இரண்டுமே ஜனவரி முதல் வாரத்துக்கு ஏறத்தாழ ஐந்து வாரம் முன்பு வந்தவை. நம் அட்டவணையில் 28 கி.மீ. ஓடவேண்டிய 11-வது வாரம் கிட்டத்தட்ட அங்கேதான் வருகிறது.

அப்படி ஒரு வாரம் போய்விட்டால் போனதுதான். அடுத்த வாரத்தில் இரண்டையும் சேர்த்து ஓடி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். 12-வது வாரத்தில் 24 கி.மீ., 13-வது வாரத்தில் 30 கி.மீ. என்று மாற்றிக்கொண்டால் போதும். ஒரு வாரம் ஓடாததால் பல மாதம் சேர்த்த தெம்பு காணாமல் போய்விடாது. தேங்கிய தண்ணீரில் மட்டும் ஓடவே வேண்டாம். அடியில் திறந்த சாக்கடை இருக்கலாம், அறுந்த மின்கம்பியும் இருக்கலாம்.

டேப்பரிங் – குறைப்பதில் என்ன லாபம்?

ரேஸுக்கு முன் ஓடும் தூரத்தைப் படிப்படியாகக் குறைப்பதற்குத்தான் ‘டேப்பரிங்’ என்று பெயர். ஓடும்போது உடம்பு பலமாவதில்லை. ஓடும்போது தசையில் நுண்ணிய சிதைவுகள்தான் ஏற்படுகின்றன. அதைச் சரிசெய்யும்போதுதான் உடம்பு பலமாகிறது, அது ஓய்விலும் தூக்கத்திலும் நடக்கிற வேலை. ஒரு பெரிய லாங் ரன்னின் பலன் கைக்கு வர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும் என்பது பயிற்சியாளர்கள் கணக்கு. ஆகவே, ரேஸுக்கு ஒரு வாரம் முன்பு 35 கி.மீ. ஓடினால் அதன் களைப்பு ரேஸுக்கு வந்து நிற்கும், பலன் வராது.

இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. 2007-இல் 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இரண்டு வாரம் பயிற்சியின் அளவை 41 முதல் 60 சதவீதம் வரை குறைத்தவர்களுக்கு அதிகப் பலன் கிடைத்தது தெரியவந்தது. 2021-இல் அயர்லாந்தின் டப்ளினில் உள்ள யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள், 1,58,000-க்கும் அதிகமான சாதாரண மாரத்தான் ஓட்டக்காரர்களின் பதிவுகளை அலசினார்கள். மூன்று வாரம் ஒழுங்காகக் குறைத்துக்கொண்டே வந்தவர்கள், பெயரளவுக்குக் குறைத்தவர்களைவிடச் சராசரியாக ஐந்தரை நிமிடம் முன்னதாக முடித்திருந்தார்கள். பயிற்சி எதையும் கூட்டாமல், குறைத்ததால் கிடைத்த ஐந்தரை நிமிடம்!

பழைய கதை ஒன்றும் உண்டு. செக் நாட்டு ஓட்டப்பந்தய ஜாம்பவான் எமில் ஜாடோபெக், ஓய்வே இல்லாமல் பயிற்சி எடுப்பதில் பேர்போனவர். 1950-இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்புக்கு முன்பு உடம்பு சரியில்லாமல் மருத்துவமனையில் படுத்துவிட்டார். வெளியே வந்த சில நாள்களில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். வேறு வழியில்லாமல் எடுத்த ஓய்வே அவருக்கு டேப்பரிங் ஆனது என்று இன்றும் பயிற்சியாளர்கள் சொல்வதுண்டு.

மூன்று வாரம் எப்படிக் குறைப்பது?

உச்ச வாரத்தில் மொத்தம் 55 கி.மீ. ஓடியிருந்தால், 14-வது வாரம் 40 கி.மீ., 15-வது வாரம் 28 கி.மீ. கடைசி வாரத்தில் 5 கி.மீ. ஒருமுறை, 3 கி.மீ. ஒருமுறை. அவ்வளவுதான்.

தூரத்தைத்தான் குறைக்கிறோம். வாரத்தில் எத்தனை நாள் ஓடுகிறோம் என்பதைக் கடைசி வாரம் வரை பெரிதாக மாற்ற வேண்டாம். வாரத்தில் ஒருநாள், ரேஸ் வேகத்தில் 2 அல்லது 3 கி.மீ. ஓடிப் பார்க்கலாம். சுத்தமாக நிறுத்திவிட்டால் கால் மந்தமாகிவிடும்.

இந்த மூன்று வாரம் ஏறக்குறைய மார்கழி பிறந்ததும் தொடங்கும். அதற்கென்று சில சோதனைகள் உண்டு. வைகுண்ட ஏகாதசி சில ஆண்டுகளில் ரேஸுக்கு முந்தைய வாரத்திலேயே வந்துவிடும். முழு உபவாசமும் இரவுக் கண்விழிப்பும் ரேஸோடு ஒத்துப்போகாது. கோயிலுக்குப் போய்விட்டு வந்து தூங்குங்கள். புத்தாண்டு இரவும் அப்படித்தான்.

அடுத்தது ஓவர்டைம். ‘இப்பதான் ஓட்டம் குறைஞ்சிருக்கே’ என்று கூடுதல் ஷிப்டுக்கு ஒத்துக்கொண்டால் டேப்பரிங் வீண். எட்டு மணி நேரம் நிற்பதும் காலுக்கு ஒரு பயிற்சிதான். 15-வது வாரம் நைட் ஷிப்ட் விழுந்தால், சூப்பர்வைசரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள முடியுமா பாருங்கள். முடியாவிட்டால் ஒரு ஓட்டத்தை விட்டுவிட்டு அந்த நேரத்தில் தூங்குங்கள்.

டேப்பரிங்கில் உடம்பு கொஞ்சம் விளையாட்டும் காட்டும். இல்லாத இடத்தில் வலிப்பதுபோல இருக்கும். எடை ஒன்றிரண்டு கிலோ கூடும். ஒரு கிராம் மாவுச்சத்தைச் சேமிக்கும்போது கூடவே சுமார் 3 கிராம் தண்ணீரும் சேர்வதால் வரும் எடை அது. தொப்பை என்று நினைத்துச் சாப்பாட்டைக் குறைத்துவிடாதீர்கள்.

கடைசி மூன்று நாள்

கடைசி இரண்டு மூன்று நாளில் சாதம், இட்லி, இடியாப்பம், வாழைப்பழம், உருளைக்கிழங்கு என மாவுச்சத்தைக் கூட்டி, எண்ணெயையும் காரத்தையும் குறைக்கவும். ஒரே வேளையில் மூக்குமுட்டத் தின்பதைவிடப் பிரித்துப் பிரித்துச் சாப்பிடுவது வயிற்றுக்கு நல்லது. ரேஸின்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கும். ஜெல் எடுப்பதாக இருந்தால் அதை லாங் ரன்னிலேயே சாப்பிட்டுப் பழகியிருக்கணும். புது ஷூ, புது ஜெல், புது பனியன் எதுவும் அன்றைக்குக் கூடாது.

தண்ணீரையும் அளவுக்கு மீறிக் குடிக்கக் கூடாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்ததில், 13 சதவீதம் பேருக்குச் சோடியம் அளவு குறைந்திருந்தது. ஓடும்போது தண்ணீர் அதிகமாகக் குடித்து எடை கூடியவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். முற்றினால் உயிருக்கே ஆபத்து. தாகத்துக்குக் குடியுங்கள், இடையில் உப்பும் சேரட்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள், அது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

முழு மாரத்தான் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். அன்று காலை ரயிலை நம்பாமல் முந்தைய நாளே சென்னைக்குப் போய்விடுங்கள். அன்று இரவு தூக்கம் சரியாக வராது, பரவாயில்லை. அதற்கு முந்தைய நான்கைந்து இரவுகள் நன்றாகத் தூங்கியிருந்தால் போதும்.

எப்போது ‘வேண்டாம்’ என்று சொல்லணும்?

காய்ச்சல் இருந்தால் ஓடக் கூடாது. நொண்டவைக்கும் அளவுக்கு வலி இருந்தால் ஓடக் கூடாது. பயிற்சியின்போது நெஞ்சுவலி, மயக்கம், படபடப்பு வந்திருந்தாலோ, குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு வந்தவர்கள் இருந்தாலோ, மருத்துவரைப் பார்க்காமல் களத்தில் இறங்கவே கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பயிற்சியைத் தொடங்கும் முன்பே பரிசோதித்துக்கொள்வது நல்லது. இஎஸ்ஐ வசதி உள்ள தொழிலாளர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

லாங் ரன் 24 கி.மீ.யைக்கூடத் தொடாவிட்டால், இந்த முறை முழு மாரத்தானை விட்டுவிடலாம். சென்னை மாரத்தானில் அரை மாரத்தானும் உண்டு, 20 மைல் பிரிவும் உண்டு. குறைந்த தூரத்தை நல்லபடியாக முடிப்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

மறுநாள் ஷிப்ட்?

அட்டவணை போடும்போது பலரும் மறப்பது இதைத்தான். மாரத்தான் முடிந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் தசைவலி உச்சத்தில் இருக்கும். படி இறங்கக்கூடக் கைப்பிடி தேவைப்படும். அந்தக் காலோடு கிரேனுக்குக் கீழேயோ உலைக்குப் பக்கத்திலேயோ நிற்பது உங்களுக்கும் ஆபத்து, பக்கத்தில் வேலை செய்பவருக்கும் ஆபத்து. பேர் கொடுக்கும் அன்றைக்கே மறுநாளுக்கும் அதற்கடுத்த நாளுக்கும் லீவு சொல்லிவையுங்கள். கிடைக்காவிட்டால் உட்கார்ந்து பார்க்கும் வேலையாகக் கேட்டு வாங்குங்கள். குறைந்தது ஒரு வாரம் ஓட்டமே வேண்டாம், மெதுவாக நடந்தால் போதும். பொங்கலுக்குள் கால் பழையபடி ஆகிவிடும்.